மிசாவோ வீட்டுக் குடும்பத் தலைவர்

எங்கள் துறைமுகத்தில் மிசாவோவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது, அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதுதான். பதினாறு வயதில் கணவாய் மீன் கொட்டகைக்குள் நுழைந்தவள், அறுபத்தாறு வயதில்தான் கத்தியைக் கீழே வைத்தாள். ஐம்பது வருஷம் கணவாயின் வயிற்றைக் கீறி, குடலை எடுத்து, விரித்துக் காயப்போட்ட கை அது. பனி நாளில் மற்றவர்கள் விரலை ஊதிக்கொண்டு நிற்கும்போது அவள் இரண்டாவது கூடையை முடித்திருப்பாள். கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டதில்லை. தன்னைக் கேட்காத கேள்விக்கும் சேர்த்தே சொல்வாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் கிசாபுரோ. கணவாய்ப் படகில் எஞ்சின் பார்த்தவர். நாள் முழுக்க அவர் வாயிலிருந்து உதிர்வது மூன்று சொல்: ‘ம்’, ‘சரி’, ‘சோறு’. எதைக் கேட்டாலும் மனசுக்குள் நாலு எண்ணிவிட்டுத்தான் பதில் வரும். அந்த நாலு எண்ணும்வரை மிசாவோவுக்குப் பொறுக்காது. தெருவில் யாராவது அவரிடம் நாளைக்குக் கடலுக்கா என்று கேட்டால், போகிறார், போகாமல் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறார் என்று அவளே சொல்லிவிடுவாள். அவரும் அதற்கு ஒரு ‘ம்’ போட்டுவிட்டு நடப்பார். முப்பத்தைந்து வருஷம் இப்படியே ஓடியது. ஊர் சிரித்தது. ஆனால் அந்த வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டதாக ஒருவரும் சொன்னதில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு நவம்பரில், அந்தப் படகு திரும்பவில்லை. அதில் ஆறு பேர். பத்து நாள் தேடினார்கள். ஒரு மிதவையும் ஒற்றை ரப்பர் பூட்ஸும் கிடைத்தன. பூட்ஸ் யாருடையது என்று தெரியவில்லை. வருஷம் திரும்பியதும் ஐந்து வீட்டார் கோயிலில் சடங்கு செய்து, இறந்தவர் பெயரைப் பலகையில் எழுதி வாங்கி, நகராட்சியில் இறப்பைப் பதிந்துவிட்டார்கள். மிசாவோ மட்டும் பதியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்கோ தூர தேசத்துக்கோ போனவர் திரும்பும்வரை, வேளாவேளைக்கு அவர் இடத்தில் சாப்பாடு வைப்பது. இங்கே வைத்தால் அங்கே அவர் பசியாறுவார். பிறகு அதை வீட்டிலிருப்பவர்கள் எடுத்துச் சாப்பிட்டுவிடலாம். சூப்புக் கிண்ணத்தின் மூடியை மட்டும் மறக்காமல் திருப்பிப் பார்க்க வேண்டும். உள்பக்கம் நீர் முத்துக் கட்டியிருந்தால் போனவர் உயிரோடிருக்கிறார். கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடினால் எந்த மூடியில்தான் நீர் கட்டாது என்று நீங்கள் கேட்கலாம். அதை மிசாவோவிடம் போய்க் கேட்டுப் பாருங்கள்.

பதினோரு வருஷமும் மூன்று வேளையும் அவள் வைத்தாள். சோறு, மிசோ சூப்பு, ஒரு துண்டு மீன், முள்ளங்கி ஊறுகாய். தாழ்வான மேசைக்கு அந்தப் பக்கம் அவர் உட்காரும் சின்ன மெத்தை அப்படியே கிடக்கும். ஒரே மகள் சிகுசா செண்டாய் நகரத்தில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். வரும்போதெல்லாம், அப்பாவுக்குச் சடங்கு செய்துவிடலாம் அம்மா, ஊர்க்காரர்கள் என்னைக் கேட்கிறார்கள் என்று ஆரம்பிப்பாள். மிசாவோ எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். சடங்கு முடிந்துவிட்டால் அப்புறம் வைக்கிற சாப்பாடு பசிக்கு வைப்பதில்லை, செத்தவருக்குப் படைப்பது. அந்த ஒன்றைத்தான் அவளால் தாங்க முடியாது. அவர் எங்கோ பசியோடு இருக்க, இவள் இங்கே கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தால்? அவள் பயமெல்லாம் இதுதான்.

போன வருஷம் ஏப்ரலில், வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு நகராட்சி ரோபோ கொடுத்தது. மூன்று வயசுக் குழந்தை உயரம், வெள்ளை உடம்பு, காலுக்குப் பதில் சக்கரம், இரண்டு கறுத்த கண். மருந்து வேளையைச் சொல்லும், பேச்சுக் கொடுக்கும், விழுந்து கிடந்தால் ஆபீசுக்குச் சொல்லும். மிசாவோ வீட்டுக்கு வந்ததன் முதுகில் பதினாலு என்று ஒட்டியிருந்தது. அதையே பெயராக வைத்துவிட்டாள்.

கொண்டுவந்தவன் முதியோர் பிரிவு ஒனோதேரா. முப்பத்தைந்து வயது, நல்ல பையன், யார் முகத்துக்கு நேரேயும் ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாதவன். மேசையருகே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினான். எதிரே கிசாபுரோவின் மத்தியானச் சாப்பாடு ஆவி பறந்துகொண்டிருந்தது. வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்வி வந்ததும் அவன் பேனா நின்றது. அவனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஆனால் ஆவி பறக்கிற சோற்றுக்கு முன்னால் ‘ஒருத்திதான்’ என்று எங்கள் ஊரில் எவன் சொல்வான்?

“என்னப்பா, கணக்கு வராதா? ரெண்டு” என்றாள் மிசாவோ.

நகராட்சிப் பதிவேட்டிலும் இரண்டு என்றுதான் இருந்தது. ஒனோதேரா ‘முதிய தம்பதி’ என்ற கட்டத்தில் குறி போட்டான். குடும்பத் தலைவர் யார்? பதிவேட்டில் இருப்பது கிசாபுரோ. அவசரத்தில் யாருடைய சொல்லைக் கேட்க வேண்டும்? முந்தின குளிர்காலத்தில் சோதனைக்கு ரோபோ வைத்திருந்த ஒரு வீட்டில் கிழவர் குறட்டை விட்டதற்கெல்லாம் பாட்டியம்மா ரோபோவிடம் சொல்லி நாலு தடவை ஆம்புலன்ஸை வரவழைத்ததால், தம்பதி இருக்கும் வீட்டில் குடும்பத் தலைவரைக் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்று ஆபீசில் முடிவாகியிருந்தது. அதையும் எழுதினான். கிளம்பும்போது மிசாவோவுக்குக் குனிந்து வணங்கியவன், மரியாதைக்கு அந்த மெத்தையையும் பார்த்துக் குனிந்தான். ரோபோவின் தலை அவனோடு கூடவே திரும்பி மெத்தையைப் பார்த்தது. அதற்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான்.

அன்று சாயங்காலமே அது மெத்தைப் பக்கம் உருண்டுபோய், “கிசாபுரோ ஐயா, வணக்கம். நாளைக்கு மழை வரும்னு நினைக்கிறீங்களா?” என்று கேட்டது. கேட்டுவிட்டுக் காத்திருந்தது. மிசாவோ அப்போது மெத்தைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டை எடுக்கக் குனிந்திருந்தாள். மனசுக்குள் நாலு எண்ணினாள். தொண்டையைத் தாழ்த்தி, “ம், வரும்” என்றாள். முப்பத்தைந்து வருஷப் பழக்கம், அவள் யோசித்துச் செய்யவில்லை. ரோபோ நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தது. மிசாவோ தட்டோடு அங்கேயே நின்றாள். பயத்தால் இல்லை. அவரிடம் பேசி, அவர் பதிலைக் கேட்டுக்கொள்ள வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறதே என்ற சந்தோஷம்.

அதற்குப் பிறகு அது தினப்படியாயிற்று. பதினாலு கேட்கும், மிசாவோ மெத்தைப் பக்கம் போய்த் தாழ்ந்த குரலில் சொல்வாள். மெத்தைப் பக்கத்திலிருந்து வரும் கட்டைக் குரல் ஐயா. மற்ற இடமெல்லாம் சுற்றி வரும் கீச்சுக் குரல் அம்மா. அது அப்படித்தான் புரிந்துகொண்டது. வேறு எப்படிப் புரிந்துகொள்ளும்? அதற்கு நாம் காட்டியதுதானே தெரியும். வைத்த சாப்பாட்டை அவள் அடுக்களைக்கு எடுத்துப்போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காலித் தட்டைக் கொண்டுவருவாள். பதினாலு அதையும் குறித்துக்கொண்டது: ஐயா நன்றாகச் சாப்பிட்டார்.

கொட்டகையில் அவளோடு வேலை பார்த்த முத்சுகோ, இரண்டு வீடு தள்ளி இருப்பவள், ஜூன் மாதம் ஒருநாள் வந்தாள். மிசாவோ தேநீர் எடுக்க உள்ளே போயிருந்த நேரம், முத்சுகோ முட்டி வலியோடு கைக்கெட்டிய மெத்தையில் உட்காரப் போனாள்.

“அங்க ஐயா உட்கார்ந்திருக்காங்க” என்றது பதினாலு.

முத்சுகோ பாதியில் நின்றாள். அது மெத்தையின் பக்கம் தலையைத் திருப்பி, “மன்னிச்சுக்குங்க ஐயா, அவங்க கவனிக்கலை” என்றும் சொன்னது. தேநீரோடு வந்த மிசாவோவிடம், “ஏய், உன் வீட்டுல பேய் இருக்கா, இல்ல நீதான் பேயைச் சோறு போட்டு வளர்க்கிறியா?” என்று கேட்டாள் முத்சுகோ. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனாள். அப்புறம் வாசலோடு பேசிவிட்டுப் போவதோடு சரி.

அதுவரைக்கும்கூட விளையாட்டு என்று சொல்லிவிடலாம். அக்டோபரில் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. மிசாவோ பின்கட்டில் முள்ளங்கி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளே வந்தபோது பதினாலு மெத்தைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது.

“ஐயா கேட்டாங்க. ஏன் இவ்வளவு நேரம்னு.”

மிசாவோ அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் வீட்டுக்குள்ளேயே இல்லை. டிவி ஓடவில்லை. ஜன்னல் கதவில் காற்று அடித்திருக்கலாம். பக்கத்துத் தெருவில் யாரோ யாரையோ கேட்டிருக்கலாம். அவள் இரண்டு கையிலும் மண்ணோடு நின்றாள். மெத்தையைப் பார்த்து, “முள்ளங்கி அதிகமாக் கிடந்துச்சு” என்று சொன்னாள். தன் குரலிலேயே சொன்னாள். சொல்லிவிட்டு அடுக்களையில் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் வந்துவிட்டார் என்று அவள் நம்பியது அன்றைக்குத்தான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்குப் பிடித்த கணவாய்க் குடல் உப்பிட்டது வைத்தாள்.

நகராட்சி மாதாமாதம் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பும். அனுப்பும் முகவரியைச் சரிபார்க்க ஆபீசில் எட்டு மாதம் பிடித்தது. டிசம்பரில் சிகுசாவுக்கு முதல் குறிப்பு போயிற்று: ‘அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். அம்மாவின் சாப்பாடு குறைந்திருக்கிறது. அப்பா குறைவாகப் பேசுகிறார், ஆனால் உற்சாகமாக இருக்கிறார்.’ மருந்துக் கடையில் நின்றபடியே அதைப் படித்தாளாம். அன்றே போனில் அழுதாள், கத்தினாள். பிப்ரவரி கடைசியில் லீவு போட்டுவிட்டு வருகிறேன், அந்தச் சனியனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பாவுக்குச் சடங்கு செய்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மிசாவோ போனை வைத்தாள். பிறகு மெத்தைப் பக்கம் போய், தொண்டையைத் தாழ்த்தி, கிசாபுரோ வாழ்நாளில் பேசியிராத நீளத்துக்கு ஒரு பேச்சுப் பேசினாள்.

“பதினாலு. இந்த வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது. என்ன நடந்தாலும் முதல்ல என்கிட்ட கேளு. நான் சொல்லாம யாருக்கும் சொல்லாதே.”

“சரிங்க ஐயா” என்றது அது.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான். அப்போது அது அவளுக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி பதினேழு, காலை ஒன்பது மணி. வெளியே முட்டளவு பனி. மிசாவோ குளியலறைத் தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தவள், சோப்பு நுரையில் கால் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் ஏதோ முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள், கண் இருண்டது. உடுப்பெல்லாம் நனைந்திருந்தது. குளியலறை ஒரு படி பள்ளம். பதினாலு அந்தப் படியோரம் வரை உருண்டு வந்து நின்றது.

“அம்மா, விழுந்துட்டீங்களா?”

“எழுந்திரிக்க முடியல. ஆபீசுக்குச் சொல்லு. ஆளை வரச் சொல்லு.”

“இதோ, ஐயாகிட்ட கேட்கிறேன்.”

சக்கரம் விலகிப் போகும் சத்தம் கேட்டது. பாதி திறந்த கதவு வழியே நடையும், நடைக்கு அப்பால் கூடத்தில் மெத்தையின் ஒரு மூலையும் தெரிந்தது. பதினாலு அதற்கு எதிரே போய் நின்றது. “ஐயா, அம்மா குளியலறையில விழுந்துட்டாங்க. ஆபீசுக்குச் சொல்லட்டுமா?” என்று கேட்டது. கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தது.

மிசாவோவுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இதற்கென்ன, அவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. தொண்டையைத் தாழ்த்தி, “சொல்லு” என்றாள்.

“அம்மா, அது உங்க குரல்” என்றது பதினாலு, திரும்பாமலே. “குளியலறையிலேர்ந்து வருது. ஐயா இங்க இருக்காங்க.”

இத்தனை நாள் யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்று அவள் ஏங்கிய வார்த்தை அது. ஈரத் தரையில் கிடந்து கேட்டபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கத்தினாள். கிசாபுரோ குரலில் கத்தினாள், தன் குரலில் கத்தினாள், முத்சுகோவைப் பெயர் சொல்லிக் கத்தினாள். பனிக்காலத்தில் எங்கள் வீடுகளின் கதவுகள் இரட்டைக் கதவு. உள்ளே கொலை விழுந்தாலும் தெருவுக்குத் தெரியாது.

பதினாலு மறுபடி படியோரம் வந்தது. “நீங்க பேசினதால ஐயா சொன்னது காதுல விழல. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி கேட்கிறேன். அதுவரைக்கும் உடம்பைச் சூடா வெச்சுக்குங்க.”

கொடியில் கிடந்த துண்டை எட்டி இழுத்து மேலே போட்டுக்கொண்டாள். அதுவும் நனைந்தது. பத்து நிமிஷம் கழித்து அது கேட்டபோதும் கத்தினாள். அதற்கடுத்துக் கேட்ட ஒவ்வொரு தடவையும் கத்தினாள். பதினோரு மணி வாக்கில் நடுக்கம் நின்றுவிட்டது. உடம்பு சுகமாக, தூக்கம் வருவதுபோல் இருந்தது. கடலில் விழுந்து பிழைத்தவர்களிடம் அவள் கேட்டிருக்கிறாள்: நடுக்கம் நின்று தூக்கம் வந்தால் ஆள் போகிறான் என்று அர்த்தம். சாகப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. புருஷன் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்யும் ஒரு ரோபோவின் கண்ணெதிரே.

“பதினாலு, இங்க வா.”

வந்தது.

“அவர் இல்ல” என்றாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. “அங்க யாரும் இல்ல. வீட்டுல நான் ஒருத்திதான். அவர் தட்டுல வெச்சதைத் தின்னது நான். அவர் மாதிரி பேசினதும் நான்தான்.”

பதினாலு படியோரம் இன்னும் நெருங்கியது. அதன் கறுத்த கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டதும் நீங்களா?”

மிசாவோ வாயைத் திறந்தாள். அதற்கு மட்டும் ‘நான்தான்’ என்று அவளுக்குச் சொல்ல வரவில்லை.

“அப்ப ஐயாகிட்டயே கேட்டுடறேன்” என்றது அது. “ஒரு நிமிஷம் முழுசா ஐயா பதில் சொல்லலைன்னா, நான் ஆபீசுக்குச் சொல்லணும். அதை யாரும் மாத்த முடியாது. ஆனா ஐயா பதில் சொல்லாம இருந்ததே இல்ல. தயவுசெஞ்சு நீங்க பேசாம இருங்க.”

சக்கரம் விலகியது. “கிசாபுரோ ஐயா, நீங்க இங்க இல்லைன்னு அம்மா சொல்றாங்க. இருக்கீங்களா?”

மிசாவோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அவளை அறியாமல், தொண்டைக்குள்ளிருந்து, ‘ம்’ என்று வந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம். அவரைக் கேட்ட கேள்வி ஒன்று அந்தரத்தில் தொங்க, அவள் சும்மா இருந்ததே கிடையாதே.

“அம்மா, நீங்க பேசிட்டீங்க. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி கேட்கிறேன்.”

அந்தப் பத்து நிமிஷம் அவள் தூங்காமலிருக்கக் கையைச் சுவரில் மோதிக்கொண்டே இருந்தாள். நேரம் நெருங்கியதும் ஈரத் துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்து, பல்லால் இறுகக் கடித்தாள். ஒரு கையால் அதன் மேல் பொத்திக்கொண்டாள்.

“கிசாபுரோ ஐயா, இருக்கீங்களா?”

வீடு அமைதியானது. கூடத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு சன்னமாக இரைந்தது. கூரையிலிருந்து ஒரு பனிக்கட்டி சரிந்து விழுந்தது. நாலு எண்ணி முடித்தாள், பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள். இப்போது அவள் பயம் தன் வாயைப் பற்றியதில்லை. அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள். ஒரு ‘ம்’ போதும், அவள் இங்கேயே விறைத்துப் போவாள். ஆனால் அதே மனசு, சொல்லுங்களேன், ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன், நான் செத்தாலும் பரவாயில்லை என்றும் கெஞ்சியது. இரண்டும் அவள் மனசுதான். மெத்தையின் மூலையையே பார்த்தாள். அது அசைந்ததுபோல் இருந்தது. கண்ணில் தண்ணீர் கட்டினால் எதுவும் அசையும். நாற்பது எண்ணினாள். ஐம்பது எண்ணினாள்.

பதினாலு திரும்பி நடையில் வந்து நின்றது.

“ஐயா பதில் சொல்லலைம்மா.”

மிசாவோ துண்டை வாயிலிருந்து இழுத்தாள்.

கதவை உடைத்துக்கொண்டு முதலில் உள்ளே வந்தது முத்சுகோதான். ஆபீசிலிருந்து ஒனோதேரா அவளுக்குப் போன் பண்ணியிருந்தான். ஆனால் போன் அடிப்பதற்கு முன்பே, தன் வீட்டு வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தவளுக்கு மிசாவோ அழுவது கேட்டுவிட்டது. இரட்டைக் கதவையும் தாண்டிக் கேட்டது. மண்வாரியைப் போட்டுவிட்டு ஓடினேன் என்று முத்சுகோ இன்றைக்கும் சொல்கிறாள். வலியில் அழுகிற அழுகை வேறு, அது எனக்குத் தெரியாதா, அது புருஷனைப் பறிகொடுத்தவள் அழுகிற அழுகை என்பாள்.

இடுப்பில் ஆபரேஷன் செய்து இரும்பு வைத்தார்கள். ஏழு வாரம் ஆஸ்பத்திரி. சிகுசா கூடவே இருந்தாள். மூன்றாம் வாரம் ஒனோதேரா வந்தான். கட்டிலருகே தரையில் நெற்றி படக் குனிந்து, அன்றைக்குப் படிவத்தில் நான்தான் தப்பாக எழுதினேன், வேலையை விட்டுவிடுகிறேன் என்று அழுதான். சிகுசா அவனை நன்றாகக் கேட்டாள். அந்த இயந்திரத்தை உடைத்துப் போட வேண்டும் என்றும் சொன்னாள்.

மிசாவோ மகளைக் கையமர்த்தினாள்.

“அதை ஏன் திட்டுற? அது என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. நாம எல்லாரும்தான் வரிசையா வந்து அதுக்குப் பொய் சொல்லிக் குடுத்தோம். இவன் எழுதினான், நான் பேசினேன், முத்சுகோ பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டா. அது நம்ம பேச்சை அப்படியே நம்புச்சு. நம்பற ஒண்ணுகிட்ட நாமதான் ஜாக்கிரதையா இருந்திருக்கணும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “அது என் வீட்டுலயே இருக்கட்டும். என் பேச்சுக்கு இனிமே நான் பொறுப்பு.”

அப்புறம் ஒனோதேராவைப் பார்த்து, நீ வேலையை விட்டால் அடுத்து வருகிறவனும் இப்படித்தான் எழுதுவான், நீயே இருந்து ஒழுங்காக எழுது என்றாள். அவன் இன்னும் இருக்கிறான். தெரியாததை இப்போதெல்லாம் கேட்டு எழுதுகிறான். அதனால் இரண்டொரு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அக்டோபரில் கேட்ட அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் ஒனோதேரா பதிவுகளையெல்லாம் தேடிப் பார்த்தான். அந்த நாளில் ஏதோ ஒரு சத்தம் பதிவாகியிருந்தது. காற்று மாதிரியும் இருந்தது, ஆள் குரல் மாதிரியும் இருந்தது. கேட்கிறீர்களா என்றான். மிசாவோ ரொம்ப நேரம் யோசித்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் கடைசியில், கைத்தடியோடு, மலைமேல் கோயிலுக்குப் போனாள். சிகுசாவும் முத்சுகோவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். பெயர்ப் பலகை எழுத வேண்டிய நாள். கோயில் குரு மையைக் கரைத்து வைத்திருந்தார். இறந்த தேதிக்காக, படகு காணாமல் போன நவம்பர் தேதியைச் சிகுசா காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். மற்ற ஐந்து பலகையிலும் அந்தத் தேதிதான். குரு காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தூரிகையை எடுத்தார்.

“அது இல்ல” என்றாள் மிசாவோ. “பிப்ரவரி பதினேழு.”

சிகுசா, அம்மா, அது நீ விழுந்த தேதி என்றாள். குருவும் அதையே பதமாகச் சொன்னார்: படகு போனது நவம்பரில் அல்லவா, அம்மா.

“படகு எப்போ போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க சாமி. நான் அங்க இல்ல” என்றாள் மிசாவோ. “அவர் பதில் சொல்லாமப் போன நாள் எனக்குத் தெரியும். அப்போ நான் வீட்டுல இருந்தேன். பதினாலு ரெண்டு மணி நேரத்துக்கு மேல அவரைக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கடைசியில நான் வாயை மூடிக்கிட்டேன். அப்போதான் அவர் போனாரு.”

குரு சிகுசாவைப் பார்த்தார். அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். குரு தூரிகையை மையில் நனைத்து, பிப்ரவரி பதினேழு என்று எழுதினார்.